ஒன்பது பச்சையில் ஒன்று

1

இந்தக் கதை என்னுடைய யோசனை இல்லை. மேடம் எழுதச் சொன்னார்.

எங்கள் அருங்காட்சியகம் சிறியது. நான்கு தெருக்களுக்கு நடுவே, மூடிப்போன கூரைத்தகடு ஆலையின் பழைய சம்பள அலுவலகத்தில் இருக்கிறது. மூன்று அறைகள். மூன்றாம் அறையின் உத்தரத்தில் விரிசல் விட்டதால் இரண்டாகக் குறைக்க வேண்டியதாயிற்று. எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்று தெருக்காரர்களிடமே கேட்டோம். அவர்களும் வந்து சொன்னார்கள். மறுதிறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறோம், வீட்டுக்கு ஒரு பிரதி.

"அதுல கதை மாதிரி ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்மா. மக்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்ததைப் பத்தி. ரெண்டு பக்கம் போதும். நீதான் நல்லா ரிப்போர்ட் எழுதுறியே" என்றார் மேடம்.

நான் எழுதும் ரிப்போர்ட் இதுதான்: காலையில் அறையின் வெப்பம், ஈரப்பதம். மாலையில் அறையின் வெப்பம், ஈரப்பதம். நான் படித்தது இயற்பியல். இரண்டு எண்களுக்கு மேல் எழுதச் சொன்னால் எனக்குக் கை நடுங்கும்.

ஆக, இதைப் படிக்கும் நீங்கள் அந்த நான்கு தெருக்களில் ஒன்றில் குடியிருக்கிறீர்கள். என்னையும் உங்களுக்குத் தெரியும். "மியூசியத்துல ஒரு ஊமைப் பொண்ணு இருக்கே" என்று நீங்கள் சொல்லும் ஊமைப் பொண்ணு நான்தான். காது நன்றாகக் கேட்கும்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கே கூடம் நிரம்பி வழிந்தது." இது பொய். நாலரைக்குப் பதினொரு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

"ஒரு சமூகம் தன் வரலாற்றைத் தானே கையில் எடுத்துக்கொள்ளும்போது" (இந்த வாக்கியம் எங்கள் அலுவலகத்தின் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிறது. இதுவரை யாரும் முடித்ததில்லை, நானும் முடிக்கவில்லை.)

"ஒரு பெண் வாரத்துக்கு ஒரு நாள் வந்து ஒரே படத்தின் முன்னால் நின்றார்."

இது உண்மை. இங்கிருந்து போகிறேன். மேடம் முதல் பக்கத்தை மட்டும்தான் படிப்பார். அச்சுப்பிழை பார்ப்பதும் நான்தான்.

2

அந்தப் பெண்ணைத் தையல் அக்கா என்று வைத்துக்கொள்வோம். அவர் தையல் வேலை செய்பவர் இல்லை. உண்மையான தொழிலைச் சொன்னால் உங்களுக்கு அடுத்த நிமிடம் ஆள் தெரிந்துவிடும். அவர் வரும் கிழமையை வியாழன் என்று எழுதுகிறேன், அதுவும் வியாழன் இல்லை. வேறு ஊகத்துக்கும் இடமில்லை. புருஷனை 'ஹார்ட்டு'க்குப் பறிகொடுத்தவர்கள் இந்த நான்கு தெருக்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வருஷம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தவர்களையும் எண்ணுங்கள். விரல் போதாது.

அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் பெண்ணை 'அவள்' என்கிறேன். அவளுக்குப் பெயர் தேவைப்படாது. யாரும் கூப்பிடப் போவதில்லை.

அவர் நின்ற படம் எது என்று சொல்ல வேண்டும். மூன்றாம் அறையில், வெள்ளை விளக்குப் பெட்டியின் மேல், முப்பத்தெட்டு எக்ஸ்ரே பிளேட்டுகள் இருந்தன. ஆலையின் மருத்துவ அறையில் எடுத்தவை. வருஷத்துக்கு ஒரு தடவை தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி நெஞ்சைப் படம் எடுப்பார்கள், பிறகு "ஒண்ணும் இல்லை, போய் வேலையைப் பாரு" என்று அனுப்பிவிடுவார்கள். மருத்துவ அறையை இடித்த ஒப்பந்தக்காரர் ஒரு இரும்பு அலமாரியில் இவற்றைக் கண்டெடுத்து எங்களிடம் கொடுத்தார். பிளேட்டில் பெயர் கிடையாது. மூலையில் ஒரு எண், அதன் கீழ் தேதி.

ஆறு மாதம் அவர் வருவார், நிற்பார், போவார். அவளும் ஈரப்பதம் குறித்துக்கொண்டு போவாள். ஒரு வியாழக்கிழமை தையல் அக்காதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, இதுல வெள்ளையா இருக்கிறது வியாதியா, கறுப்பா இருக்கிறதா?"

"வெள்ளைதாங்க்கா. கறுப்புன்னா காத்து. காத்து இருந்தா நல்லது."

தையல் அக்கா மேல் வரிசையில் கடைசிக்கு முந்திய பிளேட்டைப் பார்த்தார். நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பாதியில், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல வெள்ளை படிந்திருந்தது.

"அப்ப இவருக்கு அன்னிக்கே இருந்திருக்கு."

"யாருக்குங்க்கா?"

அவர் பையைத் திறந்து ஒரு பழைய ஆலை அட்டையை எடுத்தார். சட்டைப் பையிலேயே பல வருஷம் கிடந்ததுபோல நாலு மூலையும் உருண்டிருந்தது. எண் அதில் இருந்தது. அதே எண்.

"முப்பத்தொரு வயசு அப்ப" என்றார். "இந்தத் தேதிக்கு ஒம்பது வருஷம் கழிச்சுத்தான் இருமலே வந்துச்சு. அதுக்கு நடுவுல பேக்கரியில வேலைக்குக் கூப்பிட்டாங்க. மாவுத் தூசி ஒத்துக்காதுன்னு இங்கேயே இருந்துட்டாரு."

நல்ல எழுத்தாளர் யாராவது எழுதினால் இந்த இடத்தில் அவள் அவருடைய கையைப் பிடித்திருப்பாள். அவள் செய்தது, கையில் இருந்த நோட்டைப் பார்த்தது.

"வீட்டுல ஹார்ட்டுன்னுதான் சொல்லியிருக்கு. பொண்ணுக்கும் அதுதான் தெரியும். அவர் போனப்ப அவளுக்கு நாலு வயசு."

"ஏங்க்கா மறைக்கணும்?"

"ஏனா? நெஞ்சு வியாதிக்காரன் மகள்னா எவன் வாசப்படி ஏறுவான்? தொத்திக்கும்பான். பரம்பரைம்பான்."

"தொத்தாதுங்க்கா. அது ஆலையோட கல்நார்த் தூசி, ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே போய்—"

"எனக்குத் தெரியும்மா. வர்ற சம்பந்திக்குல்ல தெரியணும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். போகும்போது திரும்பி, "இந்த லைட்டை எப்பவும் போட்டே வச்சிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"சாயங்காலம் அணைச்சிடுவோம்க்கா. வெளிச்சம் அதிகம் பட்டா படம் கெட்டுடும்."

"அணைச்சிடுங்க, அணைச்சிடுங்க. கெட வேண்டாம்."

3

இப்போது கூட்டம் நடந்த முறையைச் சொல்ல வேண்டும். முறைகளை விவரிப்பதுதான் எனக்கு நன்றாக வரும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பலகை. மேலே பொருளின் படம், கீழே ஒரு காலிக் கட்டம். வருகிறவர்களுக்கு ஐந்து பச்சை வட்டம், ஐந்து சிவப்பு வட்டம். ஒட்டும் வட்டங்கள், பள்ளி நோட்டில் ஒட்டுவது மாதிரி. பச்சை என்றால் இருக்கட்டும், சிவப்பு என்றால் எடுத்துவிடலாம். ஒரு ஆள் ஒரு பலகையில் ஒரு வட்டம்தான் ஒட்டலாம். எல்லாம் எல்லோர் கண் முன்னாலும்.

"சீட்டுல எழுதிப் பெட்டியில போடச் சொல்லலாமே, மேடம்" என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அது எலெக்‌ஷன்மா. இது உரையாடல். ஒருத்தர் ஒட்டுறதை இன்னொருத்தர் பார்க்கணும், அப்பத்தான் பேச்சு வரும்."

மேடத்தின் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பேச்சு வந்தது உண்மைதான்.

கூட்டத்துக்கு முந்தின வியாழன் தையல் அக்கா வந்தார்.

"எல்லார் முன்னாடியுமா ஒட்டணும்?"

"ஆமாங்க்கா."

"சம்பந்தி அம்மாவும் அன்னிக்கு வர்றாங்க. எங்க ஏரியாவைச் சுத்திக் காட்டுறேன்னு என் பொண்ணு கூப்பிட்டிருக்கா. கிறுக்கச்சி." அவர் விளக்குப் பெட்டியைப் பார்த்தார். "நான் போய் இதுல பச்சை ஒட்டினா, ஏன் ஒட்டினேன்னு கேப்பாங்கல்ல?"

அவள் வெப்பமானியின் எண்ணை நோட்டில் குறித்தாள்.

"எனக்குக் கொடுக்கிற பச்சையில ஒண்ணை உன் கையில தந்துடுறேன். நீ ஒட்டிடு."

"ஸ்டாஃப் ஒட்டக் கூடாதுங்க்கா."

"நீ எங்க ஒட்டுற? ஒட்டுறது நான். கை மட்டும் உன்னுது."

அவள் தலையாட்டினாள். (கூச்ச சுபாவக்காரர்களிடம் ஒரு வேலை ஒப்படைப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். முடியாது என்பதற்கும் அவர்கள் அதே தலையாட்டலைத்தான் வைத்திருக்கிறார்கள்.)

"ஒண்ணே ஒண்ணும்மா. அவரு தொங்குற இடத்துல நான் ஒண்ணாவது ஒட்டினேன்னு இருக்கணும். மத்தபடி ஜெயிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

4

கடைசியில் தொண்ணூறு பேர் வந்தார்கள். தேநீர் இரண்டு தடவை போட்டோம்.

மேடம் மைக்கில் முறையை விளக்கினார். பாதிப் பேருக்குப் புரியவில்லை. "எப்படி ஒட்டணும்னு நீ ஒண்ணு ஒட்டிக் காட்டும்மா" என்று அவளைக் கூப்பிட்டார். தொண்ணூறு முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அவள் கையில் இருந்த தாள்களில் மேலே இருந்தது சிவப்பு. பக்கத்தில் இருந்த பலகை எக்ஸ்ரே பலகை. ஒன்றை உரித்து, கட்டத்தின் நடுவில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு ஓடிவந்து சுவர் ஓரம் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகுதான் தான் எதில் எதை ஒட்டினோம் என்று திரும்பிப் பார்த்தாள்.

(ஆய்வகத்தில் முதல் மாதமே சொல்லிக்கொடுப்பது: முதல் ஆள் எடுத்த அளவை இரண்டாம் ஆளுக்குக் காட்டாதே. காட்டினால் அவன் அந்த எண்ணைச் சுற்றியே அளப்பான்.)

முதலில் எழுந்து வந்தவர் சங்கு அண்ணன். ஆலைச் சங்கை இருபத்திரண்டு வருஷம் ஊதியவர். வாசலில் உள்ள மூன்று படிகளை ஏற அவருக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். நேராக எக்ஸ்ரே பலகைக்கு வந்தார்.

"இந்தாம்மா, என்னோட அஞ்சு சிவப்பையும் இதுலயே ஒட்டலாமா?"

"ஒண்ணுதாண்ணே ஒட்டலாம்."

"கஞ்சத்தனம். சரி, ஒண்ணு." ஒட்டினார், அவளுடைய சிவப்புக்குப் பக்கத்திலேயே. "எலும்பையும் கூட்டையும் தொங்கவிட்டு, இது என்ன கறிக்கடையா?"

கூடம் சிரித்தது. பின்னால் இருந்து ஒரு குரல்: "அண்ணே, உங்க படமும் அதுல இருக்குமே!"

"இருக்கும்டா. அதனாலதான் சொல்றேன். என் நெஞ்சு எனக்குள்ளேயே இருக்கு. தினம் படி ஏறும்போது அதுவே எனக்குக் காட்டுது. சுவத்துல வேற மாட்டணுமா?"

நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

(ஒரு வரைவில் சங்கு அண்ணனை ஆலை முதலாளியின் கையாளாக ஆக்கியிருந்தேன். கதை சுலபமாக ஓடியது. பிறகு எடுத்துவிட்டேன். அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதால்தான் அவரைக் கெட்டவர் ஆக்கப் பார்த்தேன்.)

"என் தம்பி மகளைப் பார்க்க வந்தவங்க, ஏரியா பேரைப் போட்டு ஃபோன்ல தேடினாங்களாம்" என்றார் ஒரு அம்மா. "முதல்ல வந்தது இந்த எக்ஸ்ரே போட்டோதானாம். எழுந்து போயிட்டாங்க. நாங்க இங்க மனுஷங்களா வாழலையா? இது ஒண்ணுதானா எங்ககிட்ட காட்ட இருக்கு?"

அதுவும் நியாயம். நியாயங்கள் வரிசையில் வந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு.

தையல் அக்காவின் மகள் சம்பந்தி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பலகை பலகையாகப் போனாள். கலகலப்பான பெண். வருகைப் பதிவுக் கடிகாரத்துக்குப் பச்சை, சங்குக்குப் பச்சை. எக்ஸ்ரே பலகை முன்னால் தோளைக் குலுக்கினாள்.

"இதைப் பார்த்தாலே எனக்கு என்னமோ பண்ணுது, அத்தை. செத்தவங்களை நிக்க வச்ச மாதிரி இருக்கு."

சிவப்பு ஒன்றை உரித்து ஒட்டினாள். நன்றாக ஒட்டட்டும் என்று கட்டை விரலால் ஒரு தடவை அழுத்தினாள்.

தையல் அக்கா இரண்டடி பின்னால் நின்றிருந்தார். அவர் முகத்தை வர்ணிக்கப் பல தடவை முயன்றேன். "அவர் முகம் வெளிறி—" இல்லை. "அவர் கண்களில் ஒரு—" இல்லை. அவர் சம்பந்தி அம்மாளைப் பார்த்து, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது.

தேநீர் வாங்கப் போகிறவர்போல, சுவர் ஓரம் நின்ற அவளைக் கடந்து போனார். போகிற போக்கில் அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பச்சை வட்டத்தை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

4 (இன்னொரு தடவை)

அவள் சுவரிலிருந்து விலகி நடந்தாள். கூட்டம் வழி விட்டது. சிவப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன இடத்தில் பச்சையை ஒட்டினாள். "ஸ்டாஃப் ஒட்டலாமா?" என்று யாரோ கேட்டார்கள். "இது என்னுது இல்லை" என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி

இல்லை. இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது, அதனாலேயே பொய் என்று தெரிந்தது.

அவள் சுவர் ஓரமே நின்றாள். சம்பந்தி அம்மாள் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் எழுந்ததும் ஒட்டலாம் என்று நினைத்தாள். அவர் எழுந்தார். மேடம் பார்க்கிறார், மேடம் திரும்பியதும் ஒட்டலாம். மேடம் திரும்பினார். ஊழியர்கள் ஒட்டக் கூடாது என்பது விதி, விதியை மதிக்க வேண்டும். (மாதிரிக்கு ஒட்டிய சிவப்பும் ஊழியர் ஒட்டியதுதான் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்றுதான் நினைக்கிறேன்.) கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடக்கினார்கள். விரல் நுனியில் இருந்த பச்சையில் தூசி ஏறி அதன் பசை போய்விட்டது. அதை ஈரப்பதப் பதிவேட்டில், அன்றைய தேதிக்கு எதிரே வைத்து மூடினாள். அன்று ஐம்பத்தெட்டு சதவீதம்.

5

எண்ணியதும் அவள்தான். எக்ஸ்ரே பலகையில் சிவப்பு அறுபத்து நாலு, பச்சை ஒன்பது. மீதிப் பேர் அந்தப் பலகையில் எதுவும் ஒட்டவில்லை. சிவப்பில் ஒன்று மாதிரிக்கு ஒட்டியது என்பதால் அதைக் கழித்து அறுபத்து மூன்று என்று எழுதினாள். நேர்மையான கணக்கு.

முதல் வரைவில் சிவப்பு நாற்பது, பச்சை முப்பத்தொன்பது என்று வைத்திருந்தேன். ஒரே ஒரு வட்டத்தில் எல்லாம் போனது என்றால் கதைக்கு நல்லது. ஆனால் ஒரு பச்சை கூடியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அவள் அதை நினைத்து ஒரு வாரம் நிம்மதியாக இருந்தாள்.

அடுத்த வியாழன் தையல் அக்கா வந்தார். பலகைகள் நடைவழியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவர் குனிந்து, உதடு அசையாமல் எண்ணினார்.

"ஒம்பது. பரவாயில்லையே. என்னைத் தவிர எட்டுப் பேர் இருக்காங்க."

அவள் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல என்னுது எதும்மா?"

வாயைத் திறந்து சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அக்கா, நான் ஒட்டவில்லை, பயந்துவிட்டேன். மூன்று, நான்கு சொற்கள்தான். அவள் கையை நீட்டி ஒரு பச்சை வட்டத்தைக் காட்டினாள்.

[இதற்கு மேல் 'அவள்' வேண்டாம். 'அவள்' என்று எழுதும்போது கை நடுங்காமல் இருக்கிறது, அது சரியில்லை. கையை நீட்டியது நான்.]

நான் காட்டிய வட்டம் கட்டத்தின் இடது ஓரத்தில், கீழிருந்து மூன்றாவதாக இருந்தது. பாதி கறுப்புக் கோட்டின் மேல் ஏறியிருந்தது. ஒரு பக்கம் சின்னதாக மடிந்திருந்தது.

"ஏன் இவ்வளவு ஓரமா ஒட்டின?"

"அவசரத்துல ஒட்டினேங்க்கா."

"பயந்துட்டியா?"

"ஆமாங்க்கா."

அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. தையல் அக்கா விரலை வைத்து அந்த மடிப்பை நீவி விட்டார். "உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

6

எடுத்துவிட முடிவான பொருட்களைக் கொடுத்தவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. எக்ஸ்ரேவைக் கொடுத்தவர் இடிப்பு ஒப்பந்தக்காரர். அவருக்கு அவற்றால் ஒரு உபயோகம்தான். பழைய எக்ஸ்ரே பிலிமில் வெள்ளி இருக்கிறது. காரக் கரைசலில் ஊறவைத்தால் வெள்ளி பிரிந்து வரும், படம் போய்விடும். மிஞ்சுவது இலேசான நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள், ஒன்றுமே எடுக்காததுபோல. இது எனக்குப் பாடத்தில் வந்தது. தேர்வில் எழுதியிருக்கிறேன்.

தையல் அக்கா அந்த ஒரு பிளேட்டை மட்டும் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் அட்டையைக் காட்ட வேண்டும். தெருக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு மனுப் போக வேண்டும். அப்போது கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

நான் எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். ஒரு வரைவில் எடுத்துக் கொடுத்தேன். அதில் நான் பிளேட்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். நல்ல காட்சி. ஒப்பந்தக்காரரின் வண்டி வந்த அன்று நிஜத்தில் நான் இரண்டாம் அறையில் ஈரப்பதம் குறித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு என்று எண்ணி, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன். வண்டிக்காரர், "என்னம்மா, பேய்ப் படமா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன்.

வேறு சில முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நான் தையல் அக்காவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் "போகட்டும் விடு" என்கிறார். (அவர் அப்படிச் சொல்லக் கூடியவர்தான். அதனால்தான் சொல்ல முடியவில்லை.)

இன்னொன்று: பதிவேட்டில் இருக்கும் பச்சையைப் பசை தடவி இப்போது ஒட்டிவிடுகிறேன். ஒன்பது பத்தாகிறது. பலகைக்குக் கீழே 'பச்சை: 9' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. தவிர, அவர் பார்ப்பது இந்தப் பத்தாவதை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு: நான் காட்டிய வட்டம் மகள் ஒட்டியது என்று தெரியவருகிறது. அவளுக்கு அப்பாவைப் பற்றி முன்பே தெரியும், அம்மாவுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கிறாள். அம்மாவும் மகளும் பலகை முன்னால் கட்டிக்கொள்கிறார்கள். இதை எழுதி முடித்து அழக்கூடச் செய்தேன். ஆனால் மகள் ஒட்டியது சிவப்பு. கட்டை விரலால் அழுத்தியதை நான் பார்த்தேன்.

7

கல்யாணம் முடிந்து இரண்டு மாதமாகிறது. மூன்றாம் அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கூட்டத்துப் பலகைகளையே ஒரு காட்சிப்பொருளாக வைக்கலாம் என்பது மேடத்தின் யோசனை. 'நாமே முடிவு செய்தோம்' என்று மேலே எழுத்து. மறுதிறப்புக்காக அவற்றை நுழைவாயிலில் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிறோம். எக்ஸ்ரே பலகையும் அதில் இருக்கிறது. ஆக, பிளேட்டுகள் போய்விட்டன, அவை வேண்டாம் என்று நாம் சொன்னது பத்திரமாக இருக்கிறது.

தையல் அக்கா இப்போதும் வியாழக்கிழமை வருகிறார். பிளேட்டின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாரோ அவ்வளவு நேரம் அந்தப் பச்சை வட்டத்தின் முன்னால் நிற்கிறார்.

போன வாரம் சொன்னார்: "பொண்ணுகிட்டச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

"எதைங்க்கா?"

"அவங்கப்பனைப் பத்தி. இனிமே என்ன? தாலி கழுத்துல ஏறியாச்சு. அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடியாவது தெரிஞ்சுக்கட்டும், தாத்தன் எதுல போனான்னு." மறுபடி அந்தப் பச்சையைப் பார்த்தார். "தன் கையால சிவப்பு ஒட்டினோமேன்னு துடிச்சுப் போவா. அப்புறம் என்னைத்தான் கேப்பா. நீ பக்கத்துலதானேம்மா நின்ன, ஏன் சும்மா நின்னன்னு."

நான் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்தேன்.

"சும்மா நிக்கலைடின்னு காட்டணும்ல? திறப்பு விழாவுக்குக் கூட்டிட்டு வர்றேன். வந்து இதைக் காட்டிட்டு, அப்புறம் வீட்டுல வச்சு எல்லாத்தையும் சொல்றேன்."

"சரிங்க்கா" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

கதை இங்கே நிற்கிறது. இனிமேல் நான் எழுத முடியாது. கதைக்கு முடிவு தெரியாதது ஒரு காரணம். முடிவு என்னிடம் இல்லை என்பது இன்னொன்று.

அந்த வட்டம் யாரோ ஒருவர் ஒட்டியது. அன்று தொண்ணூறு பேருக்கு நடுவே, எல்லோரும் சிவப்போடு நிற்கும்போது, ஒன்பது பேர் எழுந்து போய்ப் பச்சை ஒட்டினார்கள். அவர்களில் ஒருவர் இடது ஓரத்தில், கோட்டின் மேல் பாதி ஏறும்படி, ஒரு பக்கம் மடிந்துபோக ஒட்டினார். யார் என்று நான் பார்க்கவில்லை. அப்போது என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மலர் விழாவுக்கு முன்பே வீட்டுக்கு ஒரு பிரதி போகிறது. ஆகவே அவர் இதைப் படிப்பார்.

நீங்கள்தான் என்றால், உங்களிடம் சொல்கிறேன். உங்களுடையதை உங்களிடம் கேட்காமல் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதை நீங்கள் யாருக்காக ஒட்டினீர்கள் என்றும் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் ஒரு எண் இருந்திருக்கலாம். "இது நான் ஒட்டியது" என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அது உண்மையும்கூட. நீங்கள் பேசாமல் இருந்தால் அது என் பொய்க்கு நீங்கள் துணை நின்றதாகும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தையல் அக்கா இதைப் படித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எழுத்து அலைகிறது என்று அவர் பேப்பரே தொடுவதில்லை. ஆனால் மகள் வாசித்துக் காட்டலாம். அப்படி நடந்தால், நேரில் சொல்ல வாய் வராதவள் அச்சில் ஏற்றிச் சொன்னாள் என்று ஆகும். அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேனோ என்னவோ.

திறப்பு விழா அன்று வாசலில் நெரிசலாக இருக்கும். ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்து, கண்ணாடியின் மேல் விரலை வைத்து, காதோடு காதாக ஏதோ சொல்வார். நான் பக்கத்தில் இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். மகள் அந்தப் பச்சையைப் பார்ப்பாள். அம்மாவைப் பார்ப்பாள். பிறகு, இதை நம்பலாமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல, சுற்றி நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். நீங்களும் அங்கே நிற்பீர்கள்.